கீதனின் பதில்கள்

ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டில் எலுமிச்சை மரம் இல்லாத வீடு குறைவு. பழுத்து விழுவதைப் பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிடுவார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். புஷ்பவதி ஆன்ட்டி தன் வீட்டுப் பழத்தோடு அடுத்தவர் வாசல் பழத்தையும் கொண்டுவந்து உப்பில் போடுவார். நான் அறை பார்க்க வந்த அன்று மேசையில் அந்த ஊறுகாய் இருந்தது. வாடகை எவ்வளவு என்று கேட்பதற்குள் அவர் என்னிடம், "சாப்பிட்டனியே பிள்ளை?" என்று கேட்டார். நான் அன்றே குடிவந்தேன்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அதற்கு முந்தைய வீட்டிலிருந்து தொடங்கினால்தான் சரியாக இருக்கும். என் பெயர் தேவதர்ஷினி. ஊர் கரூர். பக்கத்து ஆல்பனியில் மேற்படிப்பு முடித்து, அங்கேயே ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலையில் இருக்கிறேன். அதற்கு முன்பு ஆல்பனியிலேயே ஐந்து பேர் சேர்ந்து வசித்த வீட்டில் இருந்தேன். குளிர்ப்பெட்டியில் ஆளுக்கொரு தட்டு, தட்டில் பெயர். ஒரு முறை கணக்குப் பார்த்தேன்: பதினோரு நாளாக யாரும் என் பெயரை வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. அலுவலகத்தில் தலையசைப்பார்கள். ஊரிலிருந்து வரும் அழைப்பில் அண்ணன் குழந்தைதான் பேசும்.

அதனால் படித்தேன். பனி மூடிய ஊர்களில் தபாலுக்குக் காத்திருப்பவர்கள், ஆற்றங்கரை நகரங்களில் ஐம்பது வருடம் ஒருவரையே நினைத்துக்கொண்டிருப்பவர்கள். நான் நெருங்கிப் பழகியவர்களில் பெரும்பாலோர் மொழிபெயர்ப்பு வழியாக என்னிடம் வந்தவர்கள். எழுதியவரைவிட மொழிபெயர்த்தவருக்கே நான் அதிகம் நன்றி சொல்லியிருக்கிறேன். அவர் நடுவில் இல்லையென்றால் அங்கே இருப்பது வெறும் மை மட்டும்தான்.

புஷ்பவதி ஆன்ட்டிக்கு ஒரே மகன், கீதன். சண்டைக் காலத்தில், நாலு வயதில், அத்தை பத்மாவதியோடு யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே அனுப்பிவைக்கப்பட்டவர். தாயும் பின்னால் வருவதாகத்தான் ஏற்பாடு. அந்தப் பின்னால் இருபத்துநாலு வருடம் ஆனது. அவர் ஆக்லாந்து விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது மகனுக்குத் தமிழ் போய்விட்டிருந்தது. தாய்க்கு ஆங்கிலம் கடைத்தெருவோடு சரி. அத்தைதான் இருவருக்கும் நடுவில் நின்று பேசினார். கீதன் வேலை கிடைத்து, தெற்கே தொலைவிலுள்ள டனீடன் நகரத்துக்குப் போனார், கல்யாணம் செய்தார். போன வருடம் அத்தை இறந்தார். தாயும் மகனும் ஆளுக்கொரு கரையில் நின்றார்கள்.

தொலைபேசியில் மொழிபெயர்க்கும் செயலி ஒன்றை கீதன் போட்டுக்கொடுத்திருந்தார். அதற்கு யாழ்ப்பாணத் தமிழ் பிடிபடவே இல்லை. "நான் ஒண்டு சொன்னா அது வேறொண்டு சொல்லுது, என்ர கொழுந்தன்ர பெண்சாதி மாதிரி," என்று சொல்லி ஆன்ட்டி அதை மூடிவிட்டார். நான் வந்த இரண்டாம் வாரம், என் முன்னால் தொலைபேசியை நகர்த்தி, "இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுமன்," என்றார்.

புதன்கிழமைகளில் கீதன் எழுதுவார். நான் அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். திரை எழுத்து ஆன்ட்டிக்குச் சின்னது. மேலும் தாளாக இருந்தால் தலையணைக்கடியில் வைத்துத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டி அனுப்புவேன். ஞாயிறுகளில் கீதன் அழைப்பார். "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்பது அவருக்கு மிஞ்சியிருந்த தமிழ். "ஓம் ராசா," என்பார் இவர். பிறகு இருவரும் கொஞ்ச நேரம் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைப்பார்கள்.

முதலில் நான் மாற்றியது நல்லதற்குத்தான். குளிரில் கதகதப்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என அவர் எழுதியிருந்தார். அது அப்படியே தமிழுக்கு வந்தால் வங்கிக் கடிதம் போல இருக்கும். 'அம்மா, கம்பளிச் சட்டை போடாமல் வெளியே இறங்காதீர்கள், எனக்கு மனம் கேட்காது' என்று எழுதினேன். மூன்று நாள் அவர் வீட்டுக்குள்ளும் அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. தவறு என்று சொல்வீர்களா?

ஜூலை மாதம், நகரின் மறுபக்கம் த்ரீ கிங்ஸில் ஒரு சின்ன மண்டபத்தில், மேடைக்கும் திரைக்கும் எழுதுவது எப்படி என்று தமிழில் ஒரு வகுப்பு தொடங்கியது. எட்டு சனிக்கிழமை, முடிவில் நல்ல பிரதி ஒன்றை மேடையில் வாசிப்பார்கள். கிளென்ஃபீல்டிலிருந்து பஸ் மாறி மாறிப் போக வேண்டும். நான் போனதற்குக் காரணம், சனிக்கிழமை காலையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு இடம் கிடைத்தது என்பதுதான். நடத்தியவர் பிரணவி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், இங்கே வளர்ந்தவர், தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதுகிறார். ஏழு பேர் படித்தோம். நிமலன் என்று பஸ் ஓட்டுகிற ஒருவர் எல்லோரையும் சிரிக்க வைப்பார்.

"ஒரு ஆளுக்கு ஒண்டு வேணும். அதுதான் கதை," என்றார் பிரணவி முதல் நாள். "என்ன வேணுமெண்டு முதல் சீன்லயே எங்களுக்கு விளங்கோணும். பிறகு அதைக் குடுத்திடாதீங்கோ."

"அக்கா, என்ர மனுசியும் அப்பிடித்தான். கேட்டதைக் கடைசிவரைக்கும் தராள்," என்றார் நிமலன்.

"அப்ப உங்கட வீட்டில நல்ல நாடகம் ஓடுது. தந்தால் அந்த இடத்தில திரை விழுந்திடும்."

நான் அதைக் குறித்துக்கொண்டேன். எழுத எனக்கு ஆள் தேடவேண்டியிருக்கவில்லை. ஒரு தாய், மகனின் கடிதம், ஒரு மேசை. தாய்க்கு மகனோடு இருக்க வேண்டும்.

அந்த வாரப் புதன்கிழமைதான் கீதன் எழுதினார். மனைவிக்கு டிசம்பரில் குழந்தை. தாய்க்கு ஓர் அறை தயார் செய்கிறார்கள். மனைவி தன் கையாலேயே சுவருக்கு மஞ்சள் பூசினாள். அம்மாவுக்கு வெயில் பிடிக்கும் என்று யாரோ சொன்னார்களாம். ஆகஸ்டில் வந்து அழைத்துப்போகட்டுமா என்று கேட்டிருந்தார்.

அதை அப்படியே கொடுத்தால் இரண்டாம் காட்சியிலேயே திரை விழுந்துவிடும். நான் எழுதிக் கொடுத்த தாளில் குழந்தை இருந்தது. அறை இல்லை. வீட்டில் மராமத்து நடக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று இருந்தது. ஆன்ட்டி அதைப் படித்துவிட்டு, குழந்தைக்காக முதலில் சிரித்தார். பிறகு இரண்டாம் முறை படித்தார். "பிறகெண்டால் எப்ப பிள்ளை?" என்றார். தாயின் பதிலாக நான் அனுப்பியதில், இங்கே கோயிலும் ஆட்களும் பழகிவிட்டன, கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்தது. கீதன் உடனே எழுதினார்: அவசரமில்லை அம்மா, அறை காத்திருக்கும்.

ஆகஸ்ட் முதல் வாரம் ஆன்ட்டி மருத்துவமனையிலிருந்து வந்து மேசையில் உட்கார்ந்தார். தொலைபேசியில் தமிழ் உரைபெயர்ப்பாளர் ஒருவரை வைத்து எல்லாம் விளக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் யாரும் எதையும் தவறாகச் செய்யவில்லை.

"நெஞ்சுக்குள்ள வால்வு ஒண்டு இறுகிப்போச்சாம். வெட்டி மாத்தோணுமாம், கெதியா, நாள் கடத்தாமல். நான் கையெழுத்து வைக்கேல்ல."

"ஏன் ஆன்ட்டி?"

"அவனிட்டக் கேக்காமல் என்னெண்டு வைக்கிறது? சோதினை, வேலை, கலியாணம், ஒண்டுக்கும் நான் பக்கத்தில நிண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்ல. அவனுக்கும் தாயெண்டு ஒருத்தி இருந்து என்ன கண்டான்? என்ர உயிர் விசயத்தையாவது அவன் சொல்லட்டும். ஓமெண்டு ஒரு சொல்லு. நாளைக்கே போய்ப் படுப்பன்."

அவர் சொன்னபடியே தட்டினேன். நன்றாக வந்திருந்தது. ஆனால் அன்று அனுப்பவில்லை. ஒரு முறை சரிபார்த்து அனுப்பலாம் என்று வைத்தேன். சனிக்கிழமை வகுப்பில் பிரணவி என் பிரதியின் முதல் பக்கங்களைப் படித்தார். அதில் நான் தாய்க்கு ஒரு நோய் வைத்திருந்தேன்.

"இதை எடுத்திடுங்கோ, தர்ஷினி. நோய் வருத்தத்தைக் கொண்டுவந்து அழவைக்கிறது சோம்பேறித்தனம். மகன் வராதது வருத்தத்தால பெரிசாகக் கூடாது. அது தன்னிலயே பெரிசா இருக்கோணும்."

அவர் சொன்னது சரி. நான் வீட்டுக்கு வந்து நோயை எடுத்தேன். பிரதியிலிருந்தும், கீதனுக்குப் போக வேண்டிய கடிதத்திலிருந்தும். கீதனுக்குப் போனது எலுமிச்சையைப் பற்றியும் மழையைப் பற்றியும்.

அடுத்த புதன், ஆன்ட்டி கதவருகே நின்று நான் வரும்வரை காத்திருந்தார். கீதன் தன் அலுவலகத்தைப் பற்றி எழுதியிருந்தார். நான் தாளில் எழுதினேன்: 'உங்கள் உடம்பு, உங்கள் முடிவு. எதுவானாலும் எனக்குச் சம்மதம்.' இந்த நாட்டில் அது மரியாதையான பதில். என் அலுவலகத்தில் எல்லோரும் அதைத்தான் தங்கள் தாய்க்குச் சொல்வார்கள். ஆன்ட்டிக்கு அது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். இந்த இடத்தில் நான் எதையும் மறைக்க விரும்பவில்லை.

அவர் படித்தார். தாளை நாலாக மடித்தார். எழுந்து போய், கழுவி வைத்திருந்த கோப்பையை மறுபடி கழுவினார். "குரல் நல்லாத்தான் இருக்கு," என்றார் முதுகைக் காட்டியபடி. "ஞாயித்துக்கிழமை கதைக்கேக்க என்ர பிள்ளைதான். எழுத்திலதான் வேற ஆரோ போலக் கிடக்கு."

"எழுதும்போது எல்லாருமே கொஞ்சம் அப்படித்தான் ஆன்ட்டி."

கழுவிய கோப்பையை மீண்டும் கழுவுகிறாள் என்பதை அன்று பிரதியில் சேர்த்தேன். ஒரு வசனமும் இல்லாத அந்த இடத்தைப் பிரணவி இருமுறை சத்தமாகப் படித்தார். நிமலன் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கித் தானும் படித்தார்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் நாங்கள் மிகவும் நெருக்கமாக இருந்தோம். இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். மகன் ஓமென்று சொல்லாததால் அவர் என்னிடம்தான் எல்லாம் பேசினார். மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி மேடேறும்போதே சமையலறை விளக்கு தெரியும். மூச்சு வாங்கியதால் நாற்காலியில் உட்கார்ந்துதான் சமைப்பார். நான் நறுக்கிக் கொடுப்பேன். "நீயும் இல்லையெண்டால் நான் ஆரோட கதைக்கிறது?" என்று ஒரு நாள் சொன்னார். அதை நான் எதிலும் எழுதவில்லை. எனக்காக வைத்துக்கொண்டேன்.

என் பிரதியைத் தேர்ந்தெடுத்தார்கள். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, பகல் மூன்று மணிக்கு வாசிப்பு. நாற்பது பேர் வந்திருப்பார்கள். பிரணவி தாயாக வாசித்தார், மகனின் கடிதங்களை நிமலன். புஷ்பவதி ஆன்ட்டி ஊதாச் சேலைக்கு மேல் அந்தக் கம்பளிச் சட்டையோடு மூன்றாம் வரிசையில் இருந்தார். நிமலன் தன் கனத்த குரலில், "உங்கள் முடிவு. எதுவானாலும் எனக்குச் சம்மதம்," என்று வாசித்தபோது யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஆன்ட்டி அசையவில்லை. முடிந்ததும் கைதட்டினார்.

பஸ் துறைமுகப் பாலம் தாண்டியதும் ஆன்ட்டி கேட்டார்.

"எங்கட கதைதானே?"

"அப்படின்னு இல்ல ஆன்ட்டி. பொதுவா..."

"இருக்கட்டும். நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். ஆனா அந்த மனுசி ஒரு விசரி. கடதாசியையே பாத்துக்கொண்டு குந்தியிருந்தா? கடவுள் வாய் தந்திருக்கெல்லோ? நேர கேட்டிருக்கலாம்." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நானும் கேக்கலாம்."

"உங்களுக்கு இங்கிலீஷ்..."

"நீ சொல்லித் தா. ஒரு வசனம். நாடகக்காரர் பாடமாக்கினவையெல்லோ? நான் பாடமாக்கமாட்டனே?"

நாடகம் அவரை மாற்றியிருந்தது. எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆசைப்படுவது அதற்குத்தான். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'தி டாக்டர்ஸ் ஆர் ப்ளீஸ்ட் வித் மை ஹார்ட். ப்ளீஸ் டோன்ட் ட்ரபிள் யுவர்செல்ஃப்.' என் இதயம் நன்றாக இருப்பதில் டாக்டர்களுக்குச் சந்தோஷம், நீ சிரமப்படாதே என்று அர்த்தம். என் இதயத்தை வெட்டிச் சரிசெய்யலாமா, நீ சொல் என்று அர்த்தம் என அவரிடம் சொன்னேன்.

"ஒப்பரேசன் எண்ட சொல்லு இல்லையே?"

"அதைச் சொன்னா பயந்துடுவார் ஆன்ட்டி. இங்க இப்படித்தான் மென்மையா கேப்பாங்க."

டாக்டர், ஹார்ட், ப்ளீஸ் என்ற மூன்று சொல் அவருக்குத் தெரியும். தெரிந்த சொற்களைக் கண்டதும் நம்பிவிட்டார். மாலை முழுவதும் ஒத்திகை பார்த்தோம். கடைசிச் சொல்லில் அவருக்கு நாக்குத் தடுக்கியது. நான் அதை இரண்டாகப் பிரித்துச் சொல்லச் சொன்னேன். ப்ளீஸ் என்பதற்கு முன் ஒரு மூச்சு விடச் சொன்னேன். நன்றாக வந்தது. எங்கள் இருவருக்கும் அப்படி ஒரு மாலை அதற்கு முன் அமைந்ததில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு கீதன் அழைத்தார். ஆன்ட்டி நின்றுகொண்டே பேசினார். ஒரு பிழை இல்லை. மறுமுனையில் கீதன் அழுதார். அம்மா, நீங்கள் ஆங்கிலத்தில் பேசிவிட்டீர்கள், எனக்காகக் கற்றுக்கொண்டீர்கள், எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா என்று ஏதேதோ வேகமாகச் சொன்னார். ஆன்ட்டி தொலைபேசியை இரு கையாலும் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்லுறான்?"

"உங்க முடிவுதான்னு சொல்றார் ஆன்ட்டி."

"அழுதவன் போலக் கிடந்ததே."

"சளி பிடிச்சிருக்காம்."

அவர் தலையாட்டினார். வைத்த பிறகு, "சரி. வாய்விட்டும் கேட்டாச்சு," என்றார். "இனி விடுவம்."

மருத்துவமனையிலிருந்து அடுத்த முறை அழைத்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த ஞாயிறுக்குப் பதினாறு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, நான் ஆல்பனியிலிருந்து திரும்பியபோது சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியிலேயே இருந்தார். கை குளிர்ந்திருந்தது.

கீதன் மறுநாள் வந்தார். உயரம், தாயின் நெற்றி. சடங்குக்கு உதவ வந்தவர்களில் நிமலனும் இருந்தார். தலையணைக்கடியிலிருந்து எடுத்த தாள்களை கீதன் அவரிடம் நீட்டி, தன் கடிதங்கள் தமிழில் எப்படி இருக்கின்றன என்று கேட்க ஆசை, படித்துக் காட்ட முடியுமா என்றார். நிமலன் முதல் தாளைப் படித்தார். இரண்டாவதைப் பாதியில் நிறுத்தினார். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"தங்கச்சி, இது உம்மட கையெழுத்துத்தானே?"

"ஆமா அண்ணா."

"இது நான் மேடையில வாசிச்ச வசனம்." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "அதை ஏன் இந்தப் பிள்ளை எழுதினதெண்டு இதில போட்டிருக்கு?"

நிமலன் கீதனிடம் தொலைபேசியை வாங்கி, தாள்களை அதிலிருந்த கடிதங்களோடு தேதி தேதியாக ஒப்பிட்டார். அறைக்குள் ஊதுவத்திப் புகை. ஒவ்வொரு தாளும் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்த பிறகு கீதன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஆங்கிலத்தில்: அம்மா என்னிடம் வர விரும்பினாரா? ஆம் என்றேன். அதில் நான் எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

நாடகம்தான் முடிந்துவிட்டதே, பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை ஏன் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அறுவை சிகிச்சை நடந்திருந்தால் மூன்று மாதம் யாராவது கூடவே இருக்க வேண்டும். கீதன் வந்து அழைத்துப் போயிருப்பார். மஞ்சள் அறைக்குப் போனவர் திரும்பியிருக்க மாட்டார். வீட்டை விற்றிருப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் காரணம் அது இல்லை. வாசிப்புக்குப் பிறகு பிரணவி, முடிவு மட்டும் இன்னும் வரேல்ல, பொறுத்து எழுதுங்கோ என்று சொல்லியிருந்தார். நான் பொறுத்திருந்தேன், அவ்வளவுதான்.

பிரணவி இப்போது என்னோடு பேசுவதில்லை. ஒரு கேள்வி மட்டும் எழுதி அனுப்பியிருந்தார்: உங்கட நாடகத்தில அந்தத் தாய்க்குக் கடிதத்தை வாசிச்சுக் காட்டுறது ஆர்? நான் பிரதியை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். அப்படி ஒரு பாத்திரமே இல்லை. யாரும் குறை சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இந்த வாக்குமூலம் ஆங்கிலத்தில் போய்த்தான் கீதன் கைக்குச் சேரும் என்றீர்கள். யார் செய்தாலும் ஓரிரு இடத்தில் கை வைக்கத்தான் செய்வார்கள், வைக்கட்டும். ஆனால் புஷ்பவதி ஆன்ட்டி அந்த வீட்டில் ஒரு நாள்கூடத் தனியாக இருக்கவில்லை, நான் இருந்தேன். அதை மட்டும் அவருக்குச் சரியாக மொழிபெயர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.